ஆறு ஏன் வளைகிறது? கேள்விகளும் பதில்களும்

சைதாப்பேட்டை வாசகர்: ஐயா, அடையாறு ஏன் நேராகக் கடலுக்குப் போகவில்லை?

நேரான ஆறுதான் இயற்கையில் அபூர்வம். எங்கோ ஒரு சிறு கோணல் விழுந்தால் போதும். மேல்நீர் வெளிக்கரையில் மோதி அரிக்கும். அடிநீர் மணலை உருட்டிக்கொண்டு உட்கரைப் பக்கம் திரும்பும். முறுக்கிக்கொண்டு ஓடும் இந்த நீரோட்டத்தை 1926-இல் ஐன்ஸ்டைன் விளக்கி எழுதினார். ஒரு கரை தேய, மறுகரை வளர, வளைவு பெரிதாகிறது. ஒரு முழு வளைவின் நீளம் பெரும்பாலும் ஆற்றின் அகலத்தைப்போல் 10 முதல் 14 மடங்கு இருக்கும். வெளிக்கரையில் வீடு கட்டாதீர்கள்.

பெரம்பூர் வாசகி: பூமி சுழல்வதால்தான் வளைகிறதா?

இல்லை அம்மா. அப்படியானால் நம் வட அரைக்கோளத்தில் எல்லா ஆறும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும்.

தாம்பரம் மாணவர்: பிரம்மபுத்திரா மட்டும் ஏன் பல கிளைகளாகப் பின்னிக்கொண்டு ஓடுகிறது?

தம்பி, சரிவு, வந்து சேரும் மணல், கரையின் உறுதி ஆகிய மூன்றையும் பாருங்கள். களிமண்ணும் வேரும் பிடித்த கரை ஆற்றை ஒரே தடத்தில் வைத்திருக்கும். கரை உதிரி மணலானால் ஆறு அகன்று ஆழம் குறையும். சுமக்க முடியாத மணலை நடுவில் போட்டுவிட்டு இருபுறமும் பிரியும். நீரளவு ஒன்றாக இருந்தால் சரிவு கூடிய ஆறே பின்னலாகும் என்று அமெரிக்க ஆற்றியல் ஆய்வாளர்களான லியோபோல்டும் வோல்மனும் 1957-இல் காட்டினார்கள். காவிரி நடுவே நிலைத்து நிற்கும் ஸ்ரீரங்கம் தீவை இதனோடு சேர்க்காதீர்கள். பின்னல் ஆற்றின் திட்டு அடுத்த வெள்ளத்திலேயே இடம் மாறிவிடலாம்.

கோட்டூர்புரம் வாசகர்: வளைவுகளை வெட்டி நேராக்கினால் வெள்ளம் வராதே?

நேராக்கினால் ஆற்றின் நீளம் குறையும், அது இறங்க வேண்டிய உயரம் குறையாது. ஆகவே சரிவு கூடும். வேகமெடுத்த ஆறு மேற்பகுதியில் தன் அடியைத் தோண்டி, கடலருகே சரிவு குறையும் இடத்தில் மண்ணைக் கொட்டும்.

அவரே: 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவனுக்கு இந்த விளக்கம் போதாது, ஐயா.

உங்கள் வேதனை நியாயமானது. உங்கள் தெருவில் நீர் சீக்கிரம் வடியவும் கூடும். ஆனால் அதே வெள்ளம் கீழே இருப்பவர்களிடம் இன்னும் வேகமாகப் போய்ச் சேரும். அமெரிக்காவின் கிஸ்ஸிமி ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து ஓடியது. 1960-களில் வெட்டத் தொடங்கி 90 கிலோமீட்டர் கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலங்கள் வறண்டன. பிறகு பெரும் பணம் செலவழித்து ஒரு பகுதியை மீண்டும் வளைத்தார்கள்.

மயிலாப்பூர் வாசகர்: முகத்துவாரத்தை மணல் அடைப்பது ஏன்?

அது கடலோர நீரோட்டத்தின் வேலை. கடற்கரை வல்லுநரைக் கேளுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: ஆறு வளைவது ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மணப்பாக்கம் வாசகி: மனை வாங்கப் போகிறோம். வெளிக்கரை எது என்று எப்படித் தெரியும்?

கோடையில் போய்ப் பாருங்கள் அம்மா. செங்குத்தாக, அடியில் ஆழமாக இருப்பது வெளிக்கரை. மணல் சாய்வாகப் படிந்திருப்பது உட்கரை. அங்கே அரிப்பு குறைவு, ஆனால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுதான். இரண்டுமே வேண்டாம்.