பச்சை ஊசிக் கல் ஒளிரவில்லை என்றால் போலியா?

புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை என்பதற்காக காங்கோவின் முசோனாய் சுரங்கத்துப் பச்சை ஊசிக் கல்லைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஊசிகள் குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட் என்ற, யுரேனியமும் செம்பும் கொண்ட கதிரியக்கக் கனிமம்; அது பொதுவாக ஒளிராது. யுரேனியத்தின் ஒளிர்வை அதிலுள்ள செம்பு அடக்கிவிடும். 1933-இல் காங்கோவின் கடங்காவிலிருந்து விவரிக்கப்பட்ட கனிமம் இது. பெயருக்குள் மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயரான ஸ்க்ளோடோவ்ஸ்கா இருப்பதாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

முதலில் கதிரியக்கத்தைச் சத்தத்தால் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் வையுங்கள். சத்தம் கூடவே இல்லையென்றால் யுரேனியம் இல்லாத பச்சைச் செம்புக் கனிமமான மாலகைட்டாக இருக்கலாம். படபடவென்று கூடினால், பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஒரே புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும் மெல்லிய ஊசிகள் நல்ல அறிகுறி, சதுரத் தகடுகள் என்றால் யுரேனியமும் செம்பும் கொண்ட வேறொரு பச்சைக் கனிமமான டார்பர்னைட் வகை. உறுதியாகச் சொல்ல எக்ஸ்கதிர் சோதனைதான் வேண்டும்.

ஊசிகள் எளிதில் உதிரும். அந்தத் தூசி மூச்சில் போகவே கூடாது. ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் கசியும், படுக்கையறையில் வைக்காதீர்கள்.