மேப் பார்க்க ஃபோனை ஸ்டாண்டில் வைத்தாலும் அபராதமா? காரின் டச் ஸ்கிரீனைத் தொடுவதும் குற்றமா?

கேள்வியின் சாரம் இது: மதுரை காளவாசல் சிக்னலில் நிறுத்தி ஆயிரம் ரூபாய் சலான் போட்டார்கள். பேசவில்லை, மேப்தான் பார்த்தேன். ஃபோன் குற்றம் என்றால் கம்பெனியே காருக்குள் பொருத்தி விற்கிற பத்து இன்ச் திரை மட்டும் எப்படிச் சரி?

ஸ்டாண்டில் இருக்கிற ஃபோனுக்குச் சலான் விழுவது குறைவு. சிவப்பு விழுந்ததும் ஃபோனைக் கழற்றிக் கையில் எடுத்து மேப்பைப் பெரிதாக்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லை என்றால் கடைசியில் சலானை எதிர்ப்பது பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் படித்தால் போதும். போலீசுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பின்னூட்டத்தில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நம்மை ஓரங்கட்டச் சொல்கிறவர்களை எனக்கும் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 184. இதைத் திருத்தி 2019 செப்டம்பர் 1 முதல் அமலாக்கினார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த் திசையில் வருவது போன்றவற்றோடு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் ‘அபாயகரமாக ஓட்டுதல்’ ஆகிவிட்டது. முதல் முறை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் அதே குற்றத்தில் மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000, அல்லது இரண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் ரோட்டிலேயே முடித்துக்கொள்ளும் தொகையாகத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் வைத்தது முதல் தடவைக்கு ரூ.1,000, அடுத்த தடவைக்கு ரூ.10,000.

ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிட்டுப் போகிறவர்கள் லைசென்ஸை மறந்துவிடுகிறார்கள். பிரிவு 206(4)-இன்படி, 184-இல் பிடிபட்டவரின் லைசென்ஸை அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். பதிலுக்குக் கொடுக்கும் ரசீது வெறும் ரசீதுதான். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அதைக் காட்டி ஓட்ட முடியாது. ஆர்.டி.ஓ. உங்களைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு, முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம், மறுமுறை லைசென்ஸையே ரத்து செய்யலாம். இதைச் சொல்வது பிரிவு 19(1ஏ). அந்த விசாரணை உங்கள் உரிமை, தவறவிடாமல் போங்கள். தகுதிநீக்கம் ஆனவர் புத்தாக்கப் பயிற்சி முடித்த பிறகுதான் லைசென்ஸைத் திரும்பப் பெற முடியும். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதச் சம்பளம்.

மேப்புக்கு விலக்கு உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மாற்றத்தின்படி, கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுகிறவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்துதான் விலக்கு. ‘மேப்தான் பார்த்தேன்’ என்பது முதல் பாதிக்குத்தான் பதில். கையில் எடுத்து இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் இரண்டாவது பாதி போய்விட்டது. ‘சிக்னலில் நின்றுதானே இருந்தேன்’ என்பதும் ரோட்டில் எடுபடுவதில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டு, வரிசையில் அடுத்து நகர வேண்டிய வண்டி அது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் யாருக்கும் பேச்சில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதங்களில் ஒன்று, ஃபோன் பேசுவது குற்றமில்லை என்று கேரள உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பது. அந்தத் தீர்ப்பு 2018-இல் கேரள போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றி வந்தது. 2019 திருத்தத்துக்கு முந்தையது, இங்கே உதவாது. கால் லிஸ்ட்டைக் காட்டி ‘அந்த நேரத்தில் அழைப்பே இல்லை பாருங்கள்’ என்பதும் வீண். பயன்படுத்துவது குற்றம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பேசுவது மட்டும் என்று இல்லை. ஹெல்மெட்டுக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு ‘கையில் இல்லையே’ என்கிறவர்களுக்கும் சலான் விழுகிறது. அதைவிட மோசம், செருகிய ஃபோன் ஹெல்மெட்டின் உள்மெத்தையைத் தலையிலிருந்து தள்ளிவிடும், பட்டை சரியாக இறுகாது. விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

ஸ்டாண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காரில் ஏ.சி. துவாரத்தில் மாட்டும் கிளிப் நம் ஊருக்கு நல்லது. குளிர்காற்று ஃபோனின் முதுகில் படும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் சித்திரை வெயிலில் இளகிக் கழன்று விழும். ஃபோனும் 35 டிகிரி வரையான சூழலுக்குத்தான் செய்யப்பட்டது. டாஷ்போர்டு வெயிலில் சார்ஜும் போட்டு மேப்பும் ஓடினால் முதலில் வெளிச்சம் குறையும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் ஃபோனே அணையும். அது பெரும்பாலும் நீங்கள் லேன் மாற வேண்டிய இடத்தில்தான் நடக்கும். பயணி பக்கம் ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் வெடித்தால் அந்த ஃபோன் முகத்துக்குத்தான் வரும்.

டூவீலரில் கண்ணாடித் தண்டில் மாட்டுவதைவிட ஹேண்டில்பாரின் நடுவில் மாட்டினால் அதிர்வு குறைவு. நான்கு மூலையையும் ரப்பர் பிடிக்கும் ஸ்டாண்டுகளில் ரப்பர் தளர்ந்ததும் வேகத்தடையில் ஃபோன் பறக்கும். பூட்டும் திருகு உள்ளதாக வாங்குங்கள். தொடர்ந்த அதிர்வு கேமராவின் உள் உறுப்பைக் கெடுக்கும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. விலை உயர்ந்த ஃபோன் என்றால் அதிர்வு உறிஞ்சும் இணைப்பும் சேர்த்து வாங்குங்கள். மழைத் துளி திரையில் விழுந்தால் அது தொடுகையாகப் பதிவாகி வழி மாறிவிடும். வழியைத் தொடங்கியதும் திரையைப் பார்க்கவே தேவை இல்லாதபடி தமிழ்க் குரலைப் போட்டுக்கொள்வதே மேல். கூகுள் மேப் அமைப்புகளில் குரல் மொழியை ஒரு முறை மாற்றினால் போதும். அழைப்புகளை நிறுத்திவைக்கும் டிரைவிங் மோடை, காரின் புளூடூத் இணைந்ததும் தானாக விழும்படி வையுங்கள்.

மேப்பை முழுக்க நம்ப முடியாத இடங்களும் மதுரையில் உண்டு. நத்தம் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர். பாலத்துக்கு மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று ஜிபிஎஸ் குழம்பும். கீழ்ரோட்டுத் திருப்பத்தை மேலே சொல்லும். அங்கே திரையை நோண்டத் தொடங்கினால் நிறுத்தவும் இடமில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் போடும் தடுப்பும் மாற்றுப்பாதையும் மேப்புக்கு உடனே தெரியாது. இவ்வளவு ஏன், ஊருக்குள் மேப்பே தேவைப்படாமல் இருந்திருக்கும், வழிகாட்டிப் பலகையைப் படிக்க முடிந்திருந்தால். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் கட்டக் கம்பம் கிடைக்காதவர்கள் பச்சைப் பலகையின் கால்களில்தான் கட்டுகிறார்கள். வாழ்த்துகிற முப்பது பேரின் முகமும் தெரிகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் மேலூர் என்பது தெரியவில்லை. இதற்கு யாருக்குச் சலான் போடுவது?

சரி, டச் ஸ்கிரீன். காரில் பதித்த திரை கையடக்கக் கருவி இல்லை. தொட்டதற்காக மட்டும் 184-இல் அந்த வகைக் குற்றம் வராது. ஆனால் அதே பிரிவில், கவனமுள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதற்கு மிகவும் கீழாக ஓட்டுவது என்று ஒரு பொது வகை இருக்கிறது. திரையை நோண்டிக்கொண்டே போய் மோதினால் அது பொருந்தும், பொறுப்பின்றி ஓட்டுவதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் சேரும். ஜெர்மனியில் சட்டம் இன்னும் கடுமை. மழையில் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய் ரோட்டைவிட்டு இறங்கியவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாதத் தடையும் சரியே என்று கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் உறுதிசெய்தது. 2022-இல் ஸ்வீடனின் ஒரு கார் இதழ் 110 கி.மீ. வேகத்தில் ஏ.சி., ரேடியோ போன்ற சில வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005 வால்வோவில் 10 வினாடி, 306 மீட்டர். திரை மட்டுமே உள்ள புதுக் கார் ஒன்றில் ஏறத்தாழ 45 வினாடி, 1,300 மீட்டருக்கு மேல். இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்டு விளக்குக்குத் தனிப் பொத்தான் இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அறிவித்ததும் இதே கவலையில்தான்.

இங்கே நேரடியாக மாட்டக்கூடியது வீடியோ. வழிகாட்டும் படத்தைத் தவிர வேறு எந்த வீடியோவையும் ஓட்டுநர் ஓட்டும்போது பார்க்கக் கூடாது என்று ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் 2017 சொல்கின்றன. வெளியே வாங்கிப் பொருத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் ஒரு மெல்லிய வயர் ஹேண்ட்பிரேக் சுவிட்சுக்குப் போக வேண்டும். பிரேக் இழுத்திருந்தால் மட்டும் படம் ஓடும். கடைக்காரர் அதை பாடியில் எர்த் பண்ணிவிட்டு ‘அண்ணே, ஓடும்போதும் படம் பார்க்கலாம்’ என்பார். வேண்டாம் என்று சொல்லி ஒழுங்காக இணைக்கச் சொல்லுங்கள். ஏ.சி. வேகம், பாட்டு, வழி எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே வைத்துவிடுங்கள். நகரத்தில் 40 கி.மீ. வேகத்தில் இரண்டு வினாடி பார்வை இறங்கினால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும்.

சலான் தவறு என்று நினைத்தால் உடனே கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே போகும், அடுத்த முறை ரூ.10,000 கணக்குக்கு அடி போடும். எந்தப் பிரிவு, இடம், நேரம், வண்டி எண், படம் எல்லாம் சரியா என்று பாருங்கள். கேமரா மூலம் வந்த சலான் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி 15 நாளுக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். டேஷ்கேம் பதிவு இருந்தால் அது அழிந்து மேலே பதிவாகும் முன் மெமரி கார்டை எடுத்து வையுங்கள். ஆட்சேபத்தை அரசின் பரிவாகன் இ-சலான் தளத்திலேயே பதியலாம், அங்கே தீரவில்லை என்றால் கோர்ட். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சலான்’ என்று ஏ.பி.கே. கோப்பு (ஃபோனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள், வங்கிக் கணக்கைத் துடைக்கிற மோசடி அது. தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்து, நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.