பந்து ஏன் இறங்குவதில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சென்ற மாதம் பெயிண்ட்பால் (சாயப் பந்துகளால் சுட்டு ஆடும் ஆட்டம்) ஆடப் பழைய பம்ப் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். மேலே பொருத்திய ஹாப்பர் என்னும் பந்துப் பெட்டி நிறையப் பந்து இருந்தும் நான்கைந்து முறைக்கு ஒருமுறை வெறும் காற்றே வருகிறது; சில வேளை பந்து உள்ளேயே உடைகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். மாற்றிவிடலாமா?

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பிரிங்கை இப்போது தொடாதீர்கள். வாயுவைத் திறந்துவிடத் தட்டும் சுத்தியலை உந்தும் அந்த ஸ்பிரிங் பந்தின் வேகத்தோடு தொடர்புடையது. பந்தை இறக்குவது புவியீர்ப்பும் உங்கள் கையும்தான். பம்பைப் பின்னிழுக்கும்போது போல்ட் என்னும் உள் தண்டு விலகி, பந்து இறங்கும் வாய் திறக்க, ஒரு பந்து விழுகிறது. முன்தள்ளும்போது போல்ட் அதைக் குழலுக்குள் ஏற்றி வாயை அடைக்கிறது. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஹென்னிக்கரில் பன்னிரண்டு பேர் ஆடிய முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தின் நெல்ஸ்பாட் துப்பாக்கியில் பந்துக் குழாய் படுக்கைவாட்டில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைச் சாய்த்தே அடுத்த பந்தை உருட்ட வேண்டியிருந்தது.

பந்து உடைவதற்கு முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். ஆட்டத்தின் பரபரப்பில் பம்பை முழுதாகப் பின்னிழுக்காமல் முன்தள்ளினால், பாதி இறங்கிய பந்தைப் போல்ட் நறுக்கிவிடும். என் முதல் சில மாதங்களில் உடைந்த பந்துகளில் பெரும்பாலானவை இவ்வாறு உடைந்தவையே. கை முழுதாக இழுத்தும் வாய் முழுதாகத் திறக்கவில்லையெனில், பம்பையும் போல்ட்டையும் இணைக்கும் கம்பியின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பந்து. அதன் ஓடு ஜெலட்டினால் ஆனது. டர்பனின் கோடைக்கால ஈரக்காற்றில் அது ஊறிப் பருக்கும். ஏறத்தாழ 17.3 மில்லிமீட்டர் விட்டம் இருக்கவேண்டிய பந்து சற்றே பருத்தாலும், ஹாப்பரின் கழுத்தில் இரண்டு பந்துகள் ஒன்றையொன்று முட்டி வளைவுபோல் நின்றுவிடும். ஆகவே பையை இறுகக் கட்டி வீட்டுக்குள் வையுங்கள், காரின் டிக்கியில் வேண்டாம். குழலைத் தனியே கழற்றி அதில் ஒரு பந்தை இடுங்கள்: அது தானாக உருண்டு விழாமல் நின்று, வாயால் ஊதினால் நகர்ந்தால் பொருத்தம் சரி. தானாகவே உருண்டு விழுந்தால் குழல் அகலமானது என்று பொருள். நீங்கள் ஓடும்போது குழல் தாழ்ந்து, ஏற்றிய பந்து வெளியே விழுந்திருக்கும், சுட்டால் வெறும் காற்றுதான் வரும். ஹாப்பர்மீது பழியைப் போடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி உறுப்புகள். ஹாப்பரையும் பந்துகளையும் எடுத்துவிட்டு, முகமூடி அணிந்து, துப்பாக்கியில் ஹாப்பர் பொருந்தும் கழுத்தின் வாயில் மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்து ஒருமுறை சுட்டுப் பாருங்கள். காகிதம் எழும்பினால், போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, வாயு மேலே கசிந்து, இறங்க வேண்டிய பந்தை உதைக்கிறது. அந்த வளையத்தை மாற்ற அதிகச் செலவாகாது. பந்து இறங்கும் வாயருகே அதைத் தடுத்து நிறுத்தும் சிறு ரப்பர் முனை தேய்ந்திருந்தாலோ, போல்ட் வருமுன்னரே பந்து முன்னே உருண்டு, அதன் பின்னால் இரண்டாவது பந்தும் இறங்கி நறுங்கும். பழைய துப்பாக்கி என்பதால் இதைத்தான் நான் வெகுவாகச் சந்தேகிக்கிறேன்.

எதைக் கழற்றுமுன்னும் வாயுக் குப்பியை எடுத்துவிட்டு, உள்ளே தங்கிய வாயு தீரும்வரை தரையை நோக்கிச் சுட்டுவிடுங்கள். அதன்பின் அந்த ரப்பர் முனையைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்