கல்யாணக் கார்டு எழுத்து தங்குமிடத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: அப்புத்தளையில் எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மகன் இணையத்தளம் செய்கிறான். அவன் போட்ட எழுத்து கல்யாணக் கார்டு மாதிரி சுருள் சுருளாக இருக்கிறது. மாற்றச் சொன்னால், பழைய துண்டுப்பிரசுரத்தில் உள்ள பாமினி எழுத்துருவையே போடலாம் என்கிறான். பார்த்தவுடன் ‘வாங்க’ என்று கூப்பிடுவது போலவும் இருக்க வேண்டும், நம்பி முன்பணம் கட்டலாம் என்றும் தோன்ற வேண்டும். எந்த எழுத்துரு நல்லது?
– ஒரு வாசகி, அப்புத்தளை

பதில்: சகோதரி, முதலில் பாமினியை ஒதுக்கிவிடுங்கள். நான் ஹட்டனில் அச்சகத்தில் வேலை பார்த்தவன். பாமினியில் எத்தனையோ நோட்டீஸ் அடித்திருக்கிறேன். கடதாசிக்கு அது சரி. ஆனால் பாமினியில் தட்டிய தமிழ் உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துதான். மெய்யெழுத்தின் புள்ளி கூட அங்கே அரைப்புள்ளி. ‘அப்புத்தளை தங்குமிடம்’ என்று கூகுளில் தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படவே அகப்படாது. துண்டுப்பிரசுரத்தில் உள்ளதை, கூகுளும் போன்களும் தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்ற இணையத்தில் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள்.

இனி உங்கள் கேள்வி. கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபொன்ட்ஸில் பலூ தம்பி 2 என்று ஒன்று இருக்கிறது. முனைகள் மழுங்கி, உருண்டு திரண்ட எழுத்து. அதில் உங்கள் தங்குமிடத்தின் பெயரை எழுதினால் நீங்கள் கேட்ட அந்த ‘வாங்க’ வந்துவிடும். ஆனால் பெயரோடும் பெரிய தலைப்புகளோடும் அதை நிறுத்துங்கள். அறை விவரம், வாடகை, முன்பண விதி எல்லாம் முக்தா மலர் என்ற எழுத்துருவில் இருக்கட்டும். அது நேரான, நிதானமான எழுத்து. ஆனால் முறைப்பாக இருக்காது. இரண்டும் எக் டைப் என்ற மும்பைக் குழு செய்தவை, வியாபாரத்துக்கும் இலவசம். ஆங்கில எழுத்தும் கூடவே இருப்பதால் ஆங்கிலப் பக்கத்துக்கு வேறு தேட வேண்டாம்.

சிங்களம் இரண்டிலும் இல்லை. சிங்களப் பக்கமும் வைத்தால் அதற்கு நோட்டோ சான்ஸ் சிங்களம் என்ற எழுத்துரு போதும். மூன்று மொழியும் ஒரே சாயலில் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் அந்த நோட்டோ குடும்பத்து எழுத்துருக்களையே போடலாம். எனக்கு அது ஒரு தங்குமிடத்துக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது.

மகனிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். முக்தா மலரில் சாதாரணத் தடிமன், தடித்தது இரண்டையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். சாதாரணத்தை மட்டும் ஏற்றிவிட்டு ‘போல்ட்’ என்று போட்டால், பிரவுசர் தானாகவே எழுத்தின் கோடுகளை வீங்க வைக்கும். ‘பண்டாரவளை’ என்று சின்ன அளவில் எழுதிப் பாருங்கள்: ‘ண’வின் சுழிகள் அடைத்துப்போய் ‘ன’வா ‘ண’வா என்று புரியாது. இரண்டு தடிமனுக்கு மேலும் வேண்டாம், மலைப்பக்கம் சிக்னல் குறையும் இடத்தில் பக்கம் திறக்கத் தாமதமாகும்.

வரி இடைவெளி அப்புறம். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் ‘கூ’, ‘மூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’, ‘மீ’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைக்கச் சொல்லுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுப் பரப்பும் அலங்காரம் தமிழில் வேண்டவே வேண்டாம், ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும்.

வாடகையும் தொலைபேசி இலக்கமும் 16 பிக்சலுக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் கறுப்பாக இருக்கட்டும். வெளிறிய சாம்பல் நிறம் இப்போது நாகரிகம் என்று மகன் சொல்லக்கூடும்; விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தை அவனுடைய கம்பியூட்டரில் பார்க்காமல், உங்கள் போனில், நல்ல வெயில் நேரத்தில் முற்றத்தில் நின்று பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அளவை இன்னும் கூட்டச் சொல்லுங்கள்.