ஆச்சியிடம் அளவு கேட்காதீர்கள், உப்பு ஜாடியை எடை போடுங்கள்

கேள்வி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இருப்பது கோவையில். என் ஆச்சிக்கு 81 வயது. அவர் செய்யும் கூட்டாஞ்சோறும் ரசமும் எனக்கு வருவதே இல்லை. அளவு கேட்டால் "எல்லாம் கண்ணளவுதாம்மா" என்கிறார். தாத்தா பள்ளியில் சாரணர் ஆசிரியராக இருந்தவர், முகாமில் நூறு பையன்களுக்கு விறகடுப்பில் சமைத்துப் போட்டதை இன்றைக்கும் சொல்வார். இப்போது கை நடுங்குவதால் நாங்கள் அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் சாரணன், இருவரிடமும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். இதையெல்லாம் எப்படி எழுதி வைப்பது?
- வாசகி, கோவை

பதில்: ஆச்சி மழுப்பவில்லை சகோதரி. அத்தனை வருடமாகக் கை பழகிய வேலையை நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து கேட்டால் அவரால் சொல்ல வராது. அவர் சமைக்கும்போதுதான் பிடிக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தொந்தரவில்லாமல். சமையல் தொடங்கும் முன்பே உப்பு ஜாடி, புளி, பருப்பு, மிளகு சீரக டப்பாக்களைச் சின்னத் தராசில் வைத்து எடையைக் குறித்துவிடுங்கள், அவர் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும், முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்திருப்பது எத்தனை கிராமோ அதுதான் ஆச்சியின் கண்ணளவு. நாலைந்து முறை செய்தால் பெரிய வித்தியாசம் இல்லாமல் வருவதைப் பார்ப்பீர்கள்.

அரிசியை உழக்கால் அளப்பவர் என்றால் அந்த உழக்கு அரிசியையே எடை போடுங்கள். 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டாலும் நம் வீடுகளை விட்டு உழக்கு போகவில்லை, படியும் ஊருக்கு ஊர் மாறும். புத்தகத்தைப் பார்த்து மில்லி கணக்குக்கு மாற்றினால் நிச்சயம் தப்பும்.

அளவு பாதிதான், மீதி பக்குவம். ரசம் கொதிக்கக் கூடாது, ஓரமெல்லாம் நுரை கட்டி நடுவில் கூடும்போது இறக்கிவிட வேண்டும் என்பது எந்தத் தராசிலும் வராது. "பச்சை வாசனை போயிட்டுதா பாரு" என்று அவர் சொல்கிற இடத்தில் உங்கள் மகன் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்க்க வேண்டும். மொபைலை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், ஓரமாக வைத்துக் குரலை மட்டும் பதிவு செய்தால் போதும், பேச்சு இயல்பாக வரும். பாத்திரமும் முக்கியம். ஈயச்சொம்பில் வைத்த ரசத்தை ஸ்டீல் பாத்திரத்தில் வைத்துவிட்டு ருசி வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

அப்புறம் தாத்தா. உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கனத்த இடம் இதுதான். கை நடுங்கினால் அடுப்பைத் தொட வேண்டாம், சரி, ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கலாமே! 1907-ல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நாலு அணியாகப் பிரித்துத்தான் வேலை கொடுத்தார், உங்கள் தாத்தாவும் காலமெல்லாம் அப்படி வேலை வாங்கிப் பழகியவராகத்தான் இருப்பார். பேரன் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிவரட்டும். கூட்டத்துக்குச் சமைக்கும் கணக்கு ஆச்சிக்குத் தெரியாது, தாத்தாவுக்குத் தெரியும். நாலு பேருக்கு வைக்கிற தண்ணீரை அப்படியே இருபத்தைந்தால் பெருக்கி நூறு பேருக்கு வைத்தால் சோறு குழைந்துவிடும். பெரிய அண்டாவில் ஆவியாகப் போகிற தண்ணீர் அரிசிக் கணக்குக்குக் குறைவு. உப்பும் காரமும்கூட நேர்க்கணக்கில் ஏறாது. கொதி வந்ததும் எத்தனை விறகை வெளியே இழுப்பது, தணலில் எவ்வளவு நேரம் விடுவது, இதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு.

இருவரும் சேர்ந்து நடத்த கூட்டாஞ்சோறையே வையுங்கள். வீட்டுப் பின்பக்கமோ தெரிந்தவர் தோப்போ போதும், மூன்று கல் கூட்டி, காற்று வரும் பக்கம் வாயை விட்டு, பன்னாடையும் காய்ந்த ஓலையும் வைத்துப் பற்றவைக்கலாம். பானையின் வெளிப்பக்கம் முழுக்க மண்ணைக் குழைத்துப் பூசினால் கரி பிடிக்காது. துவரம்பருப்பு அரைவேக்காடு வெந்ததும் அரிசி, அடுத்து வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் நின்றுவிடும், அதனால் பிந்தித்தான். தேங்காய், சீரகம், வற்றல் அரைப்பும் முருங்கைக்கீரையும் கடைசியில். ஆச்சி ஒன்று சொல்ல தாத்தா வேறு சொன்னால் யார் சரி என்று தீர்க்கப் போகாதீர்கள், இரண்டையும் பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று, மலைப் பக்கம் போய்க் காட்டுக்குள் தீ மூட்ட வேண்டாம். சட்டப்படி அது குற்றம், 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களை என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். தோப்பிலும் இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அரளிக் குச்சியை மட்டும் தெரியாமல்கூட அடுப்பில் வைக்கக் கூடாது, அதன் புகையே விஷம். விறகை முன்னதாகவே வாங்கி வெயிலில் காயப் போட்டுவிடுங்கள், ஈர விறகு என்றால் தாத்தா முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் கேட்பார்.