பவளத்திட்டில் முக்குளிப்பு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு நீச்சல் சுமார்தான். ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது) கற்க முடியுமா?

பதில்: முடியும். அடிப்படைப் பயிற்சியில் பொதுவாக 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். நீந்தி முடிக்க நேரக் கெடு கிடையாது. வேகமாக நீந்துபவரைவிட, பதறாமல் மூச்சு விடுபவரே நீருக்கடியில் நன்றாகத் தேறுகிறார்.

கேள்வி: இரண்டு மூன்று மீட்டர் இறங்கியதுமே காது வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு இறங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கடலில் 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரு மடங்காகி, உடலுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அதனால்தான் முதல் சில மீட்டர்களிலேயே காது முரண்டு பிடிக்கிறது. தலை நீரில் மூழ்கியதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதத் தொடங்குங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் காது திறக்காவிட்டால் அன்றைய முக்குளிப்பை விட்டுவிடுங்கள். சளி இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: பவளத்தை ஒரு விரலால் தொட்டால்கூடவா கெடுதல்? அது பாறைதானே?

பதில்: அதன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைத்தான் பாறை என்கிறோம். மேலே மெல்லிய தோலாகப் படர்ந்திருப்பவை உயிருள்ள சிறு விலங்குகள். தொட்டால் அவற்றின் பாதுகாப்புக் கோழைப் படலம் கலையும், தசை நசுங்கும். உருண்டைப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. காலில் மாட்டிய துடுப்பு உதைத்து உடையும் ஒரு துண்டு பல ஆண்டு வளர்ச்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தொடுபவர்கள் குறைவு. நீரில் இறங்க உதவும் ஈய எடையை இடுப்பில் அளவுக்கு மீறிக் கட்டியவர்களால்தான் அதிகச் சேதம். எடை கூடினால் கால் தாழும். மூழ்காமலிருக்க ஓயாமல் உதைப்பார்கள். கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படியும். முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அலகு) காற்று மீதமிருக்கையில், காற்றடைத்து மிதக்க உதவும் மிதப்புச் சட்டையில் ஏறக்குறைய காற்றே இல்லாமல் 5 மீட்டர் ஆழத்தில் அசையாது நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எடை சரி. மூழ்கினால் அடுத்த முறை ஒரு கிலோ குறையுங்கள். பிறகு மூச்சாலேயே ஏறி இறங்கலாம்: இழுத்தால் சற்று உயர்வீர்கள், விட்டால் தாழ்வீர்கள். ஆனால் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். மேலேறும்போது அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

கேள்வி: நான் எடுக்கும் படங்கள் எல்லாம் நீலமாக இருக்கின்றன.

பதில்: நீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. விளக்கோடு அருகில் போய் எடுங்கள். அருகில் போக மிதப்புக் கட்டுப்பாடு வேண்டும். அது வரும்வரை கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெரிய கிளாத்தி மீன் ஒன்று துரத்தி வந்தது. மேலே ஏறித் தப்பினேன். சரிதானா?

பதில்: அது டைட்டன் கிளாத்தியாக இருக்கலாம். முட்டைகளைக் காக்கும் காலத்தில் அது கூட்டுக்கு மேலே கூம்பாக விரியும் பகுதி முழுவதையும் தன் எல்லையாகக் கொள்ளும். மேலே ஏறினால் அந்த எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். துடுப்பை அதன் பக்கம் வைத்து, பக்கவாட்டில் விலகுங்கள்.

கேள்வி: மாலையில் முக்குளித்துவிட்டு மறுநாள் காலை விமானம் ஏறலாமா?

பதில்: ஒரே முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். விமான அறையில் அழுத்தம் குறைவதால், உடலில் மிஞ்சிய நைட்ரஜன் குமிழாகலாம். நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன்.

கேள்வி: நாங்கள் போகவிருக்கும் திட்டு வெளிறிவிட்டதாம். பயணத்தை ரத்து செய்யலாமா?

பதில்: வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. வெப்பம் தாங்காமல், தனக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் மீளக்கூடும். உலகளாவிய நான்காவது வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது; இத்தகைய திட்டுகளை இனி அடிக்கடி காண நேரும். புதியவர்கள் இருக்கும் குழுவானால் வேறு இடம் மாற்றச் சொல்லுங்கள். மிதப்பு கைவந்தவர்கள் போகலாம். வழக்கத்தைவிட ஒரு மீட்டராவது கூடுதலாக விலகி நீந்துங்கள்.