மெடிக்கல் ஷாப் சொட்டு இரண்டே நாளில் கேட்கிறதே, டாக்டர்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்கு வருஷா வருஷம் வெயில் காலத்தில் கண் சிவந்து அரிக்கும். நூல் நூலாகப் பீளை வரும். மெடிக்கல் ஷாப்பில் தரும் சொட்டு இரண்டே நாளில் கேட்டுவிடும். இப்போது கோவையில் காட்டினோம். சைக்ளோஸ்போரின் சொட்டு கொடுத்தார்கள். பத்து நாளாகியும் அரிப்பு அடங்கவில்லை, எரிகிறது. கிட்னி மாற்றியவர்களுக்குத் தரும் மருந்தாமே? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெயில் காலத்தில் வரும் கண் அலர்ஜி. மருந்து அதேதான், ஆனால் அவர்கள் மாத்திரையாக விழுங்குகிறார்கள். உங்கள் மகனுக்குப் போடுவது 0.05 அல்லது 0.1 சதவீதச் சொட்டாக இருக்கும். ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. போட்டதும் எரிவது பலருக்கும் உண்டு; நாள்பட நாள்படக் குறையும். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும். இதை உங்களிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஓ.பி. கூட்டத்தில் யாருக்கு நேரம்?

என் கவலை அந்த இரண்டு நாள் சொட்டைப் பற்றித்தான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ‘சும்மா ஆன்டிபயாடிக்தான்’ என்று தருவதிலும் பல சமயம் இது கலந்திருக்கும். பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி உடனே அடங்கும். அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. பையன் வகுப்பில் கரும்பலகையைப் படித்துக்கொண்டேதான் இருப்பான்.

சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனாலும் விற்கிறார்கள். எஸ்டேட்டுக்கு வேனில் வந்து ‘இலவச கண் முகாம்’ நடத்திக் கண்ணாடி விற்கும் ஆட்களும் கையில் ஒரு புட்டியைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். பார்வை போன பிறகு ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டையை நீட்டலாம். போகாமல் காக்கும் சொட்டை மாதாமாதம் கைக்காசில்தான் வாங்க வேண்டும். இது என்ன கணக்கோ!

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல் இமைக்கு உள்ளே கூழாங்கல் பாவியது போல முண்டுகள் வளர்ந்து கருவிழியை உரசிப் புண்ணாக்குவது உண்டு. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் பையன் துடித்தாலோ, கருவிழியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் கிளம்புங்கள். அப்போது அவரே ஸ்டீராய்டு எழுதுவார், எழுதத்தான் வேண்டும். சைக்ளோஸ்போரின் வேலையைத் தொடங்கும்வரை அது தாங்கும். ஆனால் சில நாள் அல்லது சில வாரம்தான், அழுத்தம் பார்த்துக்கொண்டு, படிப்படியாகக் குறைத்து. மிச்சப் புட்டியை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

சைக்ளோஸ்போரின் போலவே வேலை செய்யும் டாக்ரோலிமஸ் கண் களிம்பை டாக்டர் எழுதினால், கண்ணுக்கென்று அச்சிட்ட ட்யூபா என்று பார்த்து வாங்குங்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று தோலுக்குப் போடுவதைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீலகிரித் தைலத்தைக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கண்ணைக் கசக்க விடாதீர்கள், கருவிழி கூம்பிப் போகலாம். அரித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். வெயிலில் தொப்பி போடட்டும். ஒரு சொட்டு மருந்துக்கும் இன்னொரு சொட்டு மருந்துக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்த பிறகு இது தானாக ஓய்ந்துவிடும். அடுத்த முறை கோவைக்குப் போகும்போது, இதுவரை போட்ட காலிப் புட்டிகள் அத்தனையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். கண் அழுத்தம் பார்த்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாமல் எழுந்து வராதீர்கள்.